கித்தேரி தெருவுல முளைச்ச விலாங்கு

கடல் ஒரு பக்கமும் உப்புக்காத்து எல்லாப் பக்கமுமா கெடக்குற ஊரு கொம்படிமுனை. அந்த ஊருல ஒரு திங்கக்கெழமை வெள்ளன, கித்தேரியம்மா வாசல் பெருக்க வெளக்குமாத்தோட கதவத் தொறந்தா, தெருமணல்ல விலாங்கு முளைச்சு நிக்கிது.

ஒண்ணு ரெண்டு இல்ல. கோயில் முக்குல ஆரம்பிச்சு ஐஸ் கம்பெனி முக்கு வரைக்கும், ஆயிரமோ ரெண்டாயிரமோ, விரல் மொத்தத்துல முழங்கை ஒசரத்துக்கு, வெள்ளை ஒடம்புல கருப்புப் புள்ளி வச்சுக்கிட்டு, பாதி ஒடம்ப மணலுக்குள்ள சொருகி பாதிய வெளிய நீட்டி, தலைய மட்டும் குடைக்கம்புப் பிடியாட்டம் வளைச்சு, முட்டக்கண்ண உருட்டிக்கிட்டு, காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பி, எல்லாம் ஒண்ணா இப்புடிக்கா அப்புடிக்கா ஆடிக்கிட்டு நின்னுச்சுக. ஞாயித்துக்கெழமைப் பூசையில நம்ம சனம்கூட அம்புட்டு ஒழுக்கமா நின்னது கெடையாது.

கித்தேரி என்ன செஞ்சா? எதுக்கும் என்ன செய்வாளோ அதத்தான் செஞ்சா. வாயத் தொறந்தா.

அவ வாயப் பத்திச் சொல்லாம மேல போக முடியாது. கரைவலை இழுக்கையில அம்பா போடுறது, அதான் இழுக்குறவுகளுக்கு முன்பாட்டு எடுத்துக் குடுக்குறது, அவதான். எதிர்காத்துல பாடுனாலும் முக்கா மைல் தள்ளி வள்ளத்துல இருக்குறவனுக்கு வார்த்தை வார்த்தையா விழும். அடுத்த வீட்டுல உப்புக் கடன் கேட்டான்னா அடுத்த ஊருல எடுத்து வைப்பாக. அப்பேர்ப்பட்ட தொண்டைய முழுசாத் தொறந்து, "ஏ மரியபொன்னு, வெளிய வாடி"ன்னா பாருங்க, ஆயிரம் விலாங்கும் ஒரே உறிஞ்சலா சர்ருனு மணலுக்குள்ள. தெருவுல பொத்து மட்டும் மிச்சம். அதையும் காத்து தூத்துட்டுப் போயிருச்சு.

சனம் ஓடியாந்துச்சு. கித்தேரி மூச்சு வாங்க வாங்கச் சொல்றா, மீனுங்கிறா, மணலுங்கிறா, பயிரு மாதிரி நின்னுச்சுங்கிறா, ஆடுச்சுங்கிறா. மரியபொன்னு அடுத்த வீட்டுக்காரி, கித்தேரிக்குச் சின்னதுலருந்து சேக்காளி. அவதான் மொதல்ல சிரிச்சா. அப்புறம் தெருவே சிரிச்சுச்சு. ஒருத்தி, நேத்து கருவாட்டுக் கொழம்பு கூடிப்போச்சோன்னு கேட்டா. ஒருத்தன் குனிஞ்சு மணல உத்துப் பாத்துட்டு, நாத்து நட்டாச்சு, மடைய யாரு தொறக்கப்போறாகன்னு கேட்டான்.

சிரிக்காத ஆளு ஒருத்தன்தான். எதுத்த வீட்டு வாசல்ல, வேப்பங்குச்சியக் கடவாயில அதக்கிக்கிட்டு நின்ன எஸ்தாக்கி. கித்தேரியோட புருசன்.

சொந்தப் புருசன் எதுத்த வீட்டுல ஏன் நின்னான்னு கேப்பீக. அது அஞ்சு வருசத்துக் கதை.

கரைவலைன்னா வள்ளத்துல கொண்டு போயி கடல்ல அரைவட்டமா வலைய விட்டுட்டு, ரெண்டு பக்கத்துக் கயித்தையும் கரையில நின்னு ஊரே இழுக்குறது. அடியில கல்லு கில்லுல வலை மாட்டுனா முங்கி எடுத்து விடுறதுக்கு ஒரு ஆளு வலை கூடவே நீந்தி வரணும். எஸ்தாக்கிதான் அந்த ஆளு. அன்னைக்கு சாளைமீன் கூட்டம் கூட்டமா வந்த நாளு. கயித்துக்கு முப்பது பேரா ரெண்டு கயித்துலயும் அறுவது பேரு, கித்தேரி பாட்டுல பொறி பறக்குது, கயிறு இரும்பாக் கனக்குது, இன்னும் அம்பது பாகம் கயிறுதான், இன்னும் நாப்பதுதான்னு இழுக்குறாக, இழுக்குறாக, திடீர்னு கயிறு பஞ்சாப் போச்சு. அறுவது பேரும் மல்லாக்க விழுந்தாக. தண்ணியிலருந்து எஸ்தாக்கி ஏறி வர்றான், கையில கத்தி. வலையில மீனு வந்து சேர்ற மடிய அவனே கிழிச்சு விட்டுட்டு வந்திருக்கான். மீனெல்லாம் போச்சு.

ஏன்டா இப்புடிச் செஞ்சன்னா, அவன் தொண்டை பூனைக்குட்டித் தொண்டை, அதுல மெதுவாச் சொன்னான்: அடியில வெறும் மணலு, அந்த மணல்ல விலாங்கு தோட்டம் போட்ட மாதிரி நட்டுக்கிட்டு நிக்கிது, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா ஆடுது, வலை ஏறி வந்தா ஒண்ணுகூடத் தப்பாது, மனசு கேக்கல.

மீனு நட்டுக்கிட்டு நிக்கிறத யாரு பாத்தா? பாட்டன் பூட்டன் காலத்துலருந்து மேல நின்னு இழுத்த சனம், அடியில என்ன இருக்குன்னு எட்டிப் பாத்ததில்ல. கித்தேரிக்குத் தலையெல்லாம் மணலு, உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த ரத்தம். மொதல்ல அவன் குரல்லயே "மனசு கேக்கல"ன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டுனா. கரையே சிரிச்சுச்சு. அப்புறம் அவ சொந்தக் குரல எடுத்தா.

"மீனு பயிராட்டம் நிக்கிதாம். எல்லாரும் கேட்டுக்கங்க. எம்புருசன் பொய்க்காரன்."

எல்லாரும் கேட்டாக. பக்கத்து ஊருலயும் கேட்டாக. எஸ்தாக்கி பாயையும் தலகாணியையும் சுருட்டிக்கிட்டு, எதுத்தாப்புல இருக்குற அக்கா ரெஜினாள் வீட்டுக்குப் போயிட்டான். போனதோட இல்லாம கோயில் கொடிமரத்தத் தொட்டு, இனி அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனான். கித்தேரி மட்டும் சும்மா இருப்பாளா, அவளும் போயி, அவரு இருக்குற வீட்டு வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன்னு கொடிமரத்தப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கிட்டு வந்தா. கொம்படிமுனையில கொடிமரச் சத்தியத்த யாரும் மீறுறதில்ல. மீறுனா ஊரு வலை மொத்தமும் கிழியும்னு நம்பிக்கை, அதனால ஊரே காவலு. அப்புடித்தான் ஆறு பாகம், அதாவது ஆறு ஆளு கைய விரிச்சு நின்னா முட்டுற அகலத் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தருன்னு அஞ்சு வருசம். நடுவுல தூது போக ஒரு புள்ளையும் கெடையாது.

இப்ப அந்தத் திங்கக்கெழமைக்கு வாங்க. கித்தேரியச் சுத்தி ஊரு சிரிச்சுக்கிட்டு இருக்கு. அவ மூஞ்சி செவந்து போயி நிக்கிறா, ஏன்னா உண்மையச் சொல்லிச் சிரிப்பு வாங்குறது எப்புடி இருக்கும்னு அவளுக்கு அன்னைக்குத்தான் தெரியுது. அப்பத்தான் எஸ்தாக்கி குச்சியத் துப்பிட்டு, தெருவுல எறங்கிக் குத்தவச்சு, ஒத்த விரல ஒதட்டுல வச்சான்.

"மூச்சு விடாம உக்காருங்க"ன்னான். அஞ்சு வருசத்துல தெருவப் பாத்து அவன் சொன்ன மொதப் பேச்சு.

உக்காந்தாக. காத்து வந்துச்சு. மணலு லேசா நெளிஞ்சுச்சு. ஒரு தலை, பத்துத் தலை, நூறு தலை. மரியபொன்னு காலு ரெண்டு விரலுக்கு நடுவுல ஒண்ணு எந்திரிச்சு அவ மூஞ்சியப் பாத்துச்சு. சிரிச்ச வாயெல்லாம் தொறந்தபடியே நின்னு போச்சு.

ஒரு ஊரு ஒரு அதிசயத்த எம்புட்டு நேரந்தான் வாயப் பொளந்து பாக்கும்? கொம்படிமுனை ஒண்ணரை நாளு பாத்துச்சு. ரெண்டாம் நாளு மத்தியானத்துக்கு மேல எல்லாருக்கும் வேலை வந்திருச்சு. விலாங்குக்கு நடுவுல எப்புடிப் பொழைக்கிறதுங்கிறதுதான் அப்புறம் பேச்சு. தண்ணிக்கொடத்தோட எட்டு வச்சு நடக்குறது எப்புடி, சைக்கிள தூக்கிக்கிட்டுப் போறது எப்புடி, கோழிய எந்தப் பக்கம் அடைக்கிறது. அதுக காத்துல வர்றதத் திங்கிற சாதி. இடியாப்பத்துக்கு மாவு சலிச்சா அந்த வீட்டு வாசல்ல உள்ளதெல்லாம் கழுத்த நீட்டும். மீன் பொரிச்சா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிடும், நம்மாளுகளப் பொரிக்கிறாகளோன்னு நெனைக்கும்போல.

ஊர்த்தலைவர் தொம்மைக்குப் பேச ஆரம்பிக்குமுன்னாடி தொண்டையக் கனைச்சாகணும். "ஹ்ஹ்ர்ரூம், அதாவது" இல்லாம அவருக்குப் பேச்சு வராது. அந்தக் கனைப்புக்கு ஒரு வார்டு விலாங்கே உள்ள போயிருச்சு. அதனால மனுசன் கடக்கரைக்கு நடந்து போயி, அங்க கனைக்க வேண்டியதெல்லாம் கனைச்சு முடிச்சு, வாய மூடிக்கிட்டே திரும்பி வந்து, தெருவுல மெதுவாச் சட்டம் சொன்னாரு. செருப்புச் சத்தம் ஆகாது, ஆரன் ஆகாது, குக்கர் விசில் அடிக்குமுன்ன எறக்கிப்புடணும், தும்மல் வந்தா வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டுத் தும்மணும்.

கத்தியே பேசிப் பழகுன ஊரு. அலைச்சத்தத்துக்கு மேல பேசணும்ல. அந்த ஊரு கிசுகிசுக்க ஆரம்பிச்சுச்சு. கொழாயடியில சண்டை வந்தா ரெண்டு பொம்பளைகளும் மூக்கோட மூக்கு ஒட்டுற தூரத்துல நின்னு, காதுல ரகசியம் சொல்ற மாதிரி வையணும். "நீ நாசமாப் போவ" அப்படின்னு ஒருத்தி காதுக்குள்ள சொல்லுவா, "என்னது, திருப்பிச் சொல்லு, வெளங்கல" அப்படின்னு மத்தவ காதக் காட்டுவா, மூணாந்தடவை சொல்றப்ப வஞ்சவளுக்கே சிரிப்பு வந்திரும். பங்குச்சாமி கிசுகிசுன்னு பிரசங்கம் வச்சாரு. அம்புட்டு நல்லாத் தூங்குன பூசை ஊருல நடந்ததில்லைன்னு கெழவனுக சொன்னாக. பாவசங்கீர்த்தனம், அதான் சனம் வந்து பாவத்தச் சொல்றது, அதக் கேக்குறதுக்குத்தான் செரமம், வெளிய பேசுறதும் உள்ள பேசுறதும் ஒரே சத்தமா இருந்ததால எது பாவம் எது ஊர்க்கதைன்னு அவருக்குப் பிடிபடல.

டவுன்லருந்து ஒரு ஆராய்ச்சிக்காரரு வந்தாரு. கண்ணாடி, கழுத்துல காமெரா, காலுல பூட்சு. "ஆக்சுவலி, இது கடலுக்குள்ள, சாண்டி பாட்டம்ல இருக்க வேண்டிய ஸ்பீஷிஸ்மா. கரையில இருக்க பாசிபிளே இல்ல"ன்னு மரியபொன்னுகிட்ட வெளக்குனாரு. அவ, "அதுககிட்டயே சொல்லுங்க சார், எங்க பேச்ச எடுக்க மாட்டேங்குதுக"ன்னா. அவரு சொல்லப் போனாரு, பூட்சுக் காலோட. அவரு நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தலை காட்டல. வெறுந்தெருவ நாலு போட்டோ எடுத்து, நோட்டுல ஒண்ணுமில்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அவரு பஸ்சு ஏறவும் இதுக எந்திரிச்சு பஸ்சு போன பக்கம் பாத்து ஆடுச்சுக.

இதுக்கு நடுவுல ஒவ்வொருத்தரா எஸ்தாக்கி பக்கத்துல போயி உக்காந்தாக. அன்னைக்குக் கரையில சிரிச்சவுகதான். அன்னைக்கு ஏதோ தெரியாம, மனசுல வச்சுக்காத மாப்ளேன்னு காதுல ஊதிட்டுப் போனாக. அவன் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வச்சிருந்தான். "ம்."

கித்தேரி போகல. வாசப்படிச் சத்தியம் ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம். அவ மெல்லப் பேசுறேன்னு ஆரம்பிச்சாலும் ரெண்டாவது வார்த்தையில குரல் தானா எந்திரிச்சிரும், தெருவே காலியாயிரும், ஊரே அவளத் திரும்பிப் பாக்கும். கடைசியில வாளமீன் கொழம்பு வச்சு மரியபொன்னுகிட்ட குடுத்து விட்டா. சட்டி திரும்பி வந்துச்சு, கழுவி, கவுத்து. தின்னாரா கொட்டுனாரான்னு கேட்டா. கழுவுன சட்டிக்கு எப்புடிடி சொல்றதுன்னா மரியபொன்னு.

அந்த வாரந்தான் ரெஜினாள் கொழாயடியில ஒரு சேதிய விட்டா. தம்பி மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டுல வேலைக்குப் போறானாம். திருவிழாக் கொடி எறக்குன மறுநாளு காலை பஸ்சு. திரும்பி வர்றதப் பத்திப் பேச்சே இல்லையாம். கித்தேரி கொடத்த வச்சது வச்சபடி வீட்டுக்கு வந்து, அடுப்பு முன்னாடி உக்காந்து, அடுப்பப் பத்த வைக்காமலே இருந்தா. எதுத்த வீட்டுல இருக்குறவரைக்கும் அது சண்டை. பஸ்சு ஏறிட்டா அதுக்குப் பேரு வேற.

இந்த நேரத்துலதான் ஊரு ஒண்ணக் கண்டுபிடிச்சுச்சு. கித்தேரி வாசப்படிக்குக் கீழ ஒரு விலாங்கு, கொஞ்சம் தடிமனா, பெருசா. ரெஜினாள் வாசப்படிக்குக் கீழ இன்னொண்ணு, ஒல்லியா. மத்ததெல்லாம் முளைச்ச எடத்துலயே நிக்கையில, இது ரெண்டு மட்டும் தெனம் கட்டைவிரல் அகலம் நகருது. பொத்த விட்டு வெளிய வர்றதில்ல. வால மட்டும் மணலுக்கடியில முன்னாடி துளைச்சு, பழைய பொத்துலருந்து புதுப் பொத்துக்கு ஒடம்ப மாத்திக்கிடும். இந்தப் பக்கத்தது அந்தப் பக்கம், அந்தப் பக்கத்தது இந்தப் பக்கம். சோடி சேரப் போகுதுன்னு மொதல்ல சொன்னது யாருன்னு தெரியல, சாயங்காலத்துக்குள்ள ஊரே சொல்லுச்சு. இதுக சேந்தா அதுகளும் சேரும்னு ஊரே முடிவு கட்டிருச்சு. தொம்மை வந்து கயித்தப் போட்டு அளந்து பாத்தாரு. இந்த வேகத்துல போனா சேர்றதுக்கு ஒரு வருசம் ஆகும். கொடியிறக்கத்துக்குப் பதிமூணு நாளுதான் இருக்கு.

கொம்படிமுனைக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணு. எது வர மாட்டேங்குதோ அத இழுக்குறது. தரைதட்டுன வள்ளத்த இழுப்பாக, சேத்துல விழுந்த மாட்ட இழுப்பாக, கல்யாணத்தன்னைக்கு மனசு மாறி மச்சுல ஏறி உக்காந்த மாப்ளையக்கூட ஒருதடவை இழுத்து எறக்கியிருக்காக. கொடியேத்தத்தன்னைக்கு ஆம்பளைக எல்லாம் கோயில்ல இருக்குறப்ப, கித்தேரி தூண்டி கட்டுற நைலான் நரம்புல ஒரு சுருக்குப் போட்டா. மரியபொன்னும் இன்னும் பத்துப் பொம்பளைகளும் நரம்போட மறுநுனியப் பிடிச்சாக. ஒல்லி விலாங்கு கழுத்துல சுருக்க மெதுவா எறக்கி, கிசுகிசுன்னே ஒரு ஏலேலோ போட்டு, ஒரு இழுப்பு.

கரையில நின்னு இழுத்துப் பழகுன கையி. மெல்ல இழுக்கத் தெரியாது.

நரம்பு இறுகுச்சு. விலாங்கு ஒரு முறுக்கு முறுக்கி உள்ள போயிருச்சு. சுருக்கு மட்டும் வெறுமனே வெளிய வந்துச்சு, அதுல ஒரு பொட்டு ரத்தம். அதோட ஐஸ் கம்பெனி முக்கு வரைக்கும் தெருவே வழிச்சுவிட்ட மாதிரி ஆயிருச்சு. அன்னைக்கு வரல. மறுநாளும் வரல. மூணாம் நாளும் தெரு வெறுந்தெருதான். ஊரு இப்பவும் கிசுகிசுன்னே பேசுச்சு, ஆனா பேசுனதெல்லாம் கித்தேரியப் பத்தி.

எஸ்தாக்கி அந்த நரம்ப எடுத்தான். முழங்கையில சுத்தி ஒழுங்காச் சுருணையாக்கி, கித்தேரி வீட்டு வேலியில தொங்க விட்டான். ஒரு பார்வை பாத்துட்டுப் போனான். அஞ்சு வருசம் முந்தி கரையில நின்னு பாத்த அதே பார்வை. அதுக்கு அவன் நாலு வார்த்தை வஞ்சிருக்கலாம்.

நாலாம் நாளு காலையில கித்தேரி வாசல்ல உக்காந்து வெறும் மணலப் பாத்துக்கிட்டே இருந்தா. பழைய சோறு தொடாமக் கெடந்து, அதுல ஈ மொச்சுச்சு. அவ பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் எந்திரிச்சு உள்ள போயி பாயி ஒண்ணத் தூக்கிட்டு வந்து, வாசப்படியிலருந்து மூணு சாண் தள்ளித் தெருமணல்ல விரிச்சு உக்காந்தா. அன்னைக்குப் பூராம் அங்கயே. மீன் ஆஞ்சதும் அங்க, கிழிஞ்ச வலையப் பொத்துனதும் அங்க. என்னடி தெருவுல உக்காந்திருக்கன்னு கேட்டதுக்கு, தெருவுல எங்க இருக்கேன், வீட்டுலதான் இருக்கேன்னா.

மறுநாளு இன்னும் மூணு சாண். இந்தத் தடவை அடுப்பும் வந்துச்சு. அதுக்கு மறுநாளு அந்தோணியாரு படமும் சோத்துப்பானையும் அஞ்சறைப் பெட்டியும். அப்புறம் துணி காயப் போடுற கொடிக்கயிறு, ரெண்டு கம்பு நட்டு. வீடு கதவத் தொறந்து போட்டுப் பின்னாடி கெடக்கு, வாசப்படியே இல்லாத குடித்தனம் முன்னாடி போயிக்கிட்டு இருக்கு. ஊரு அதையும் ஏத்துக்கிச்சு, விலாங்க ஏத்துக்கிட்ட ஊருக்கு இது பெரிசா. சைக்கிள்காரன் அவ அடுப்பச் சுத்திப் போனான். தொம்மை வந்து நின்னு, தெருவ மறிக்கிறது சட்டப்படி, அப்படின்னு இழுத்தாரு. கனைக்காம அவருக்கு அதுக்கு மேல வரல. திருவிழாச் சப்பரத்தத் தூக்குனவுககூட அவ கொடிக்கயித்துல சேலை காயுறதப் பாத்து, அலுங்காம ஒதுங்கிப் போனாக.

"என்னடி இது, வீட்ட இழுத்துக்கிட்டே போற"ன்னா மரியபொன்னு.

"இழுக்கலடி. நகருறேன்."

மரியபொன்னு திகைச்சுப் போனா. சொன்ன பதிலுக்காக இல்ல. அம்பது வயசுல மொதத்தடவையா கித்தேரி சொன்னது பக்கத்துல இருக்குறவளுக்கு மட்டும் கேட்டுச்சு.

அன்னைக்கு மத்தியானம், அவ பாயோரத்துல மணலு நெளிஞ்சுச்சு. ஒத்தத் தலை. தடிமனான அந்தப் பெருசுதான். கித்தேரி அரிவாமனையில வெங்காயத்தப் பாதியில விட்டுட்டு அப்புடியே இருந்தா. அப்புறம் ஒண்ணு ஒண்ணா, பொழுது சாயிறதுக்குள்ள அவளச் சுத்தி ஒரு வட்டம் எந்திரிச்சுச்சு. அதுக்குப் பெறகு நாளுக்கு நாளு தெரு ரொம்புச்சு, அவ நகர்ற பக்கமெல்லாம்.

எஸ்தாக்கி முதுகக் காட்டிக்கிட்டு நண்டு பிடிக்கிற கூடு பின்னிக்கிட்டு இருந்தான், மொத நாளும், ரெண்டாம் நாளும், மூணாம் நாளும். நாலாம் நாளு முதுகு கொஞ்சம் சாய்மானமாத் திரும்புச்சு. அஞ்சாம் நாளு காலையில பாத்தா, அவன் உக்காந்த பலகை ரெஜினாள் வாசப்படிய விட்டு ஒரு சாண் முன்னாடி கெடக்கு. ரெஜினாள் அதத் தூக்கி உள்ள வச்சா. கொஞ்ச நேரத்துல பலகை திரும்ப வெளிய, இப்ப ரெண்டு சாண். என்னடா தம்பி இதுன்னு அவ கேட்டதுக்கு, உள்ள காத்து வரலன்னான். மறுநாளு பாயும் வெளிய வந்துச்சு. அதுக்கு மறுநாளு மங்களூருக்குக் கட்டி வச்ச பையும் வந்துச்சு. எங்க உக்காந்தாலும் அதப் பக்கத்துலயே வச்சுக்கிட்டான். கித்தேரி பாயப் பாக்கல. அந்தப் பையத்தான் பாத்தா.

கொடியிறக்கத்தன்னைக்குப் பூசை முடிஞ்சு ஊரே தெருவுக்கு வந்து வட்டம் போட்டு உக்காந்துச்சு. யாரும் கூப்பிடல. தெரு நடுவுல ரெண்டு பாயி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண். அந்த ஒரு சாண் மணல்ல, கட்டைவிரல் கணக்க விட்டுட்டுப் பாயி கூடவே நகந்து வந்து, இந்தப் பக்கம் தடிச்ச விலாங்கு, அந்தப் பக்கம் கழுத்துல நரம்பு வரிஞ்ச தழும்போட ஒல்லி விலாங்கு. ரெண்டும் பொத்த விட்டு வராம கழுத்த மட்டும் நீட்டி நீட்டி, இப்பத் தொடும், இந்தா தொட்டுரும்னு நிக்கிதுக. ஊரு மூச்ச அடக்கிக்கிட்டு இருக்கு. பச்சப்புள்ளை வாயில பாலு. தொம்மை வாயில துண்டு.

கித்தேரி குனிஞ்சா. இந்தக் கொஞ்ச நாளாப் பழகுன மெல்லுசுக் குரல்ல, "நீங்க சொன்னது நெசம்"ன்னா. "நாந்தான் தப்பாச் சொல்லிப்புட்டேன்."

எஸ்தாக்கி காதுல அது விழுந்துச்சு. மணலுலருந்து கண்ண எடுத்து அவளப் பாத்தான்.

"அன்னைக்கு இப்புடியா சொன்ன?"

அவளுக்கு வெளங்கல.

"அன்னைக்கு எம்புட்டுச் சத்தமாச் சொன்னியோ, அம்புட்டுச் சத்தமாச் சொல்லு."

வட்டத்துல இருந்த சனத்துக்கெல்லாம் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கித்தேரி விலாங்குகளப் பாத்தா. கோயில் முக்குலருந்து ஐஸ் கம்பெனி முக்கு வரைக்கும் நிக்கிதுக, ஒரு மாசமா ஊரு தும்மாம வளத்ததுக. காலடியில அந்தச் சோடி, நூலு எடைவெளி. மரியபொன்னு தலைய ஆட்டி ஆட்டி வேணாங்கிறா. தொம்மை ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடுறாரு. கித்தேரி அவுகளப் பாத்தா, அந்தப் பையப் பாத்தா, எஸ்தாக்கியப் பாத்தா. அவன் மூஞ்சியில கோவம் இல்ல. காத்துக்கிட்டு இருந்தான், அம்புட்டுத்தான். இந்த ஒரு மாசமா ஊரே வந்து வந்து காதுல ஊதிட்டுப் போனதெல்லாம் அந்தக் கரையில விழுந்த ஒரு சத்தத்துக்கு ஈடாகலைன்னு அவளுக்குத் தெரிஞ்சுச்சு. ஏன்னா அந்தச் சத்தத்தப் போட்டவ அவ.

எந்திரிச்சா. அம்பா போடையில நிக்கிற மாதிரி கால அகட்டி, கடல் பக்கம் திரும்பி, அடிவயித்துலருந்து எடுத்தா.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எம்புருசன் எஸ்தாக்கி பொய்க்காரன் இல்ல. மீனு பயிராட்டம் நிக்கிறத அவருதான் மொதல்ல பாத்தாரு. வாய்க்கு வந்ததப் பேசுனது நானு."

தெரு ஒரே நொடியில வெறுந்தெரு. அந்தச் சோடியும் போயிருச்சு. பச்சப்புள்ளை வீல்னு அழுதுச்சு, நாலு நாயி கொலைச்சுச்சு, மரத்துல இருந்த காக்கா மொத்தமும் எந்திரிச்சுச்சு, ஒரு மாசமா அடக்கி வச்சிருந்த கனைப்பு தொம்மைக்கு அவரையும் மீறி வந்திருச்சு. அது எல்லாம் அடங்குன பெறகு, கடல்ல எங்கயோ முக்கா மைல் தள்ளி ஒரு வள்ளத்துலருந்து ஒருத்தன் பதில் குடுத்தான், மெல்லுசா, காத்துல வந்துச்சு: "கேட்டுச்சுக்கா."

எஸ்தாக்கி சிரிச்சுட்டான். வாய்விட்டு இல்ல, தோளு மட்டும் குலுங்குச்சு. அப்புறம் கைய நீட்டி, அந்தச் சோடி நின்ன எடத்துல மணல மெதுவாத் தடவிப் பாத்தான்.

"இனிமே மெல்லப் பேசு"ன்னான். "அதுக வெளிய வரணும்ல."

கித்தேரி உக்காந்தா. தொண்டை கம்மிப்போயிருந்துச்சு, அதனால மெல்லத்தான் வந்துச்சு பேச்சு. வர்றதுக்கு எம்புட்டு நேரமாகும்னு கேட்டா.

"நாளாகும்." அவன் பையத் தூக்கி அவ பக்கத்துப் பாயில வச்சு, அதுலயே தலைய வச்சுச் சாஞ்சான். "இருந்து பாப்போம்."